மச்சாளின் ஆஃப்ரிகான்ஸ் பாட்டுகள்

பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, காரின் பின் இருக்கையில் குறுக்காகக் கிடத்திய ஒரு கீபோட் வாத்தியம். மச்சாளை நினைக்கும்போது முதலில் என் கண்ணில் வருவது அதுதான். சனிக்கிழமை பின்னேரங்களில், மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த மர வீட்டின் படிகளால் அதை இறக்குவோம். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான் பிடிப்பேன். மழை தூறினால் தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டு, தான் நனைந்துகொண்டு வருவார். "எனக்குத் தடிமன், காய்ச்சல் வந்தால் மாறும். இதுக்குள்ள தண்ணி போனால் முடிஞ்சுது" என்பார். ஆக்லாந்தில் எந்தச் சனிக்கிழமையில்தான் மழை தூறவில்லை!

மச்சாள் என் கணவரின் அக்கா. மன்னாரில் பிறந்தவர். கலியாணம் கட்டவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து ஒரு வருடத்தில் அவரும் வந்து சேர்ந்தார். ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஆர்கன் வாசித்தவர் என்பதைத் தவிர, அவருடைய இளமைக்காலம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் யாழ்ப்பாணத்துக்காரி, அந்தக் குடும்பத்துக்குள் பிந்தி வந்தவள். இருவரும் நகரின் வடக்கே ஆல்பனியில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் சர்க்கிட் பலகைகளில் ஈயம் வைத்துப் பற்றவைப்பார். நான் அவற்றைப் பெட்டியில் அடுக்குவேன். மச்சாளுக்குக் கார் ஓடத் தெரியாது. ஆகவே அவர் போன இடமெல்லாம் நானும் போனேன். இதை எழுதுகிற தகுதி எனக்கு வந்தது அந்த ஓட்டுநர் வேலையால்தான்.

ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் எங்கள் கார் கிளம்ப மறுத்துவிட்டது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த போர்மன் தன் காரில் ஏறச் சொன்னார். அவர் தென்னாபிரிக்காவில் இருந்து வந்த வெள்ளைக்காரர், ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசுகிறவர். அந்த ஆண்டுகளில் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஆல்பனிப் பக்கம் நிறைய வந்து இறங்கின. அவர்களோடு நாங்கள் அளவோடுதான் கதைப்போம். அந்த நாட்டில் கறுப்பரும் எங்களைப்போன்ற நிறத்தவரும் பட்டபாடு எங்களுக்குச் செய்திகளில் கேட்டுப் பழக்கம். கார் புறப்பட்டதும் கசெற் ஓடத் தொடங்கியது. கிற்றாரும் டிரம்ஸும் அதிர, ஒருவன் தொண்டை கிழியப் பாடினான். அந்த மொழியை நான் அதற்குமுன் பாட்டாகக் கேட்டதே இல்லை. எனக்கு அது சண்டை பிடிப்பதுபோல இருந்தது. மச்சாளோ முன் இருக்கையில் இருந்து, மடியில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதில் ஆர்கன் வாசிக்கிறவர் இடதுகையை வீணாக்குகிறார்" என்றார் திடீரென்று, ஆங்கிலத்தில்.

போர்மன் வாய்விட்டுச் சிரித்தார். தங்கள் ஊர் இளைஞர்கள் தங்கள் சொந்த மொழியில் போட்ட றொக் பாட்டு அது என்றும், அரசாங்க வானொலி அதை ஒலிபரப்பாது என்றும், கைக்குக் கை கசெற் மாற்றிக் கேட்டார்கள் என்றும் சொன்னார். கட்டாய இராணுவச் சேவையில் இருந்தபோது முகாமில் ஒளித்து வைத்துக் கேட்டிருக்கிறார். பிறகு அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு இந்தியப் படப் பாட்டுகள் இருப்பது தெரியும். ஆனால் உங்கள் தீவில், நீங்களே போட்ட பாட்டு எது?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் வானொலி என்றால் சினிமாப் பாட்டு; ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில் பாட்டு. இடையில் வேறொன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் மச்சாள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி, "இருந்தது" என்றார். "நானும் பாடினேன்."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவருடைய கதை வெளியே வந்தது. பள்ளிக்கூடம் முடித்த வயதில், ஒன்றுவிட்ட சகோதரர்களோடு சேர்ந்து ஒரு பொப் குழு வைத்திருந்தார்கள். கிற்றார், கொங்கோ டிரம், கோயிலில் இரவல் வாங்கிய ஆர்கன். கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாவிலும் தாங்களே சொல் போட்டு, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடியிருக்கிறார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, பெண் பார்க்கப் போன இடத்திலேயே படுத்து எழும்ப வேண்டி வந்த ஒருவனைப் பற்றிய பாட்டு அப்போது ஊரில் எல்லோர் வாயிலும் இருந்ததாம். பிறகு சண்டை வந்தது. ஆளுக்கொரு திசையில் போனார்கள். இருவர் உயிரோடு இல்லை. அந்தப் பாட்டுகள் எதுவும் பதிவாகவில்லை. என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி, "அக்கா, இதையெல்லாம் இப்ப ஏன் கிளறுறியள்?" என்றார்.

"கிளறாட்டி ஆருக்குத் தெரியும், இப்பிடி ஒண்டு இருந்தது எண்டு? உன்ர மனிசிக்கே தெரியேல்லையே" என்றார் மச்சாள்.

இரண்டு கிழமை கழித்து அவரே போர்மனிடம் போய்க் கேட்டார். போர்மன் தன் கராஜில் இரண்டு நண்பர்களோடு அந்தப் பாட்டுகளை வாசித்துப் பழகுவது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் கிற்றார் இருந்தது, டிரம்ஸ் இருந்தது. கீபோட்டுக்கு ஆள் இல்லை. "நான் வாசிக்கிறேன்" என்றார் மச்சாள். "ஒரு நிபந்தனை. நீங்கள் எங்கே வாசித்தாலும், என் பாட்டு ஒன்றையும் வாசிக்க வேண்டும்." அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் ஆல்பனிக் கராஜுக்குப் போயின. ஐம்பதை நெருங்கிய ஒரு தமிழ்ப் பெண், சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவே நின்று, தனக்கு ஒரு சொல்லும் விளங்காத பாட்டுக்குக் கீபோட் வாசித்தார். நான் ஒரு மடக்குக் கதிரையில் இருந்து பார்த்தேன். முதலில் சத்தமாக மட்டும் கேட்டது, சில வாரங்களில் எனக்கும் பாட்டாகக் கேட்கத் தொடங்கியது. சண்டைபோலத் தோன்றிய குரலுக்குள் ஒரு கிண்டலும் ஒரு துக்கமும் இருந்தன.

செய்தி கோயிலுக்கு எட்டியது. மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு, தென்னாபிரிக்காவின் டர்பனில் இருந்து வந்த ஒரு டீச்சரும் வருவார். அவருடைய முன்னோர் எந்தக் காலத்திலோ கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். தமிழில் அவருக்கு அக்கா, அண்ணா, சோறு என்று சில சொற்கள்தான் எஞ்சியிருந்தன. மச்சாளுக்கு அவர்மீது தனிப் பிரியம். அன்று பூசை முடிந்ததும் அவர் மச்சாளை மறித்து ஆங்கிலத்தில் பேசினார். சத்தம் போடவில்லை. "அக்கா, எங்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்தவர்கள் அந்த மொழியில்தான் சொன்னார்கள். என் அண்ணனைக் கூட்டிப்போனவர்களும் அந்த மொழிதான் பேசினார்கள். அதற்கு நீங்கள் தாளம் போடுகிறீர்களாமே?"

 வீட்டுக்கு வந்ததும் நான் நடந்ததைச் சொன்னேன். என் கணவர், "சனம் கதைக்குது, விட்டிடுங்கோ அக்கா" என்றார். மச்சாள் தலையை ஆட்டி மறுத்தார். "சனம் கதைக்கிறதுக்காக விடமாட்டன். அவ சொன்னதுக்குப் பதில் தெரியாமல் வாசிக்கவும் மாட்டன்."

அடுத்த சனிக்கிழமை கீபோட்டின் துணியை அவிழ்க்காமலே போர்மன் முன்னால் நின்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் சொல்லச் சொன்னார். சொல் சொல்லாக. ஒரு பாட்டில் ஒரு மகன் தகப்பனைக் கேட்கிறான்: ஒவ்வொரு ஞாயிறும் கோயிலின் முன்வரிசையில் இருக்கிறாயே, எங்கள் வீட்டு வேலைக்காரியின் பிள்ளை எந்த வாசலால் உள்ளே வரும்? அதை விளக்கும்போது போர்மனின் முகம் சிவந்தது. அது பாட்டுக்காரனின் தகப்பன் மட்டுமல்ல, தன் தகப்பனும்தான் என்றார்.

அன்று மாலையே மச்சாள் என்னை டீச்சர் வீட்டுக்குக் கார் ஓடச் சொன்னார். தேநீர் வரும்வரைகூடப் பொறுக்காமல் சொல்லத் தொடங்கினார். "மன்னாரில் இராணுவச் சோதனைச் சென்றியில் எங்களை இறக்கி நிறுத்தி, துவக்கை நீட்டிக் கேட்டதெல்லாம் சிங்களத்தில்தான். அதே சிங்களத்தில் பைலா ஆட்டப் பாட்டு வந்தால் எனக்குக் கால் நிற்காது. இரண்டும் உண்மை. உன் அண்ணாவுக்கு நடந்ததை நான் சின்னதாக்க வரவில்லை. நாங்கள் வாசிக்கிற அன்றைக்கு வா. பிடிக்காவிட்டால் எழும்பிப் போ. நான் கோபிக்கமாட்டேன்." டீச்சர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆல்பனியில் ஒரு சமூக மண்டபத்தில், தென்னாபிரிக்கக் குடும்பங்கள் கூடிய ஒரு பின்னேரம் அது. வெளியே இறைச்சி வாட்டும் புகை. உள்ளே மேசைகளில் குழந்தைகள், கிழவர்கள், பெரிய பெரிய சாலட் கிண்ணங்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஊரை நினைக்கவைக்கும் இனிமையான ஆட்டப் பாட்டுகள். முதல் இரண்டு பாட்டுக்கும் இளையவர்கள் எழுந்து ஆடினார்கள். மூன்றாவது, அந்தத் தகப்பன் பாட்டு. பாதியில் முன்மேசைப் பெரியவர் ஒருவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து ஏதோ உரக்கச் சொன்னார். தன் குடும்பத்தை எழுப்பிக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் இன்னும் சில மேசைகள் காலியாகின. போர்மனின் குரல் உடைந்தது. கிற்றார் நின்றது, டிரம்ஸும் தடுமாறி நின்றது.

கீபோட் நிற்கவில்லை. மச்சாள் அந்தப் பாட்டின் இடைவரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார். சபையைப் பார்க்கவில்லை, போர்மனை மட்டும் பார்த்தார். தலையை ஒருமுறை ஆட்டினார், "வா" என்பதுபோல. மண்டபம் முழுவதும் அந்த ஒற்றை மெட்டு மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. இனி இவர் பாடமாட்டார் என்று நான் நினைத்த நேரத்தில் போர்மன் கண்ணை மூடி அடுத்த வரியைப் பிடித்தார். பாட்டை முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். மிஞ்சியிருந்தவர்களில் பலர் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பிறகு மச்சாள் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "இது என் ஊர்ப் பாட்டு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றிப் பாடத் தொடங்கினார். குரல் கரகரத்தது. உயரத்தில் ஓரிடத்தில் எட்டவுமில்லை. அவர் கவலைப்படவில்லை. பின்னால் அந்த மூன்று ஆஃப்ரிகான்ஸ்காரரும் பைலாத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் ஒரு சொல் தெரியாத குழந்தைகள் ஓடிவந்து மேடைக்கு முன்னால் குதித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. எங்கள் தமிழை, எந்த நடிகரின் வாயசைப்பும் இல்லாமல், எங்கள் ஊர் பஸ்ஸும் எங்கள் ஊர்ப் பகிடியுமாக நான் பாட்டாகக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

டீச்சர் வந்திருந்தார். கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றதை அப்போதுதான் கண்டேன். கூட்டம் கலைந்தபின் நேரே போர்மனிடம் போனார்.

"அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"சீருடையில்" என்றார் போர்மன். "முதல் முறை கூப்பிட்டபோது போனேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோது போகவில்லை. வீடு மாறி மாறி ஒளிந்திருந்தேன். என் தகப்பன் சாகும்வரை என்னோடு பேசவில்லை."

 "அந்த மொழியின் சத்தம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஒருநாளும் பிடிக்காமல் போகலாம்" என்றார் டீச்சர். "ஆனால் அந்த மகன் கேட்டது சரியான கேள்வி." கை கொடுக்கவில்லை. மச்சாளிடம் வந்து, "அக்கா, உங்கள் பாட்டை எனக்கு எழுதித் தாருங்கள். இங்கிலீஷ் எழுத்தில்" என்றார்.

குழு நீடிக்கவில்லை. போர்மன் வேலை மாறி ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். கராஜ் இல்லை, கிற்றார் இல்லை. இனி மச்சாள் ஓய்ந்துவிடுவார் என்று என் கணவர் எண்ணினார். அவரோ அந்த வருட டிசம்பர் நத்தார் ஒன்றுகூடலுக்கு எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் போய் மேடை கேட்டார்.

"அக்கா, சனம் படப்பாட்டுத்தான் கேக்கும். நீங்கள் சொல்லுற பாட்டெல்லாம் இஞ்ச ஆருக்குத் தெரியும்?" என்றார் தலைவர்.

"தெரியாட்டி, அண்டைக்குத் தெரியட்டும்."

ஒரேயொரு பாட்டுக்கு இடம் கொடுத்தார்கள். சாப்பாடு பரிமாறுகிற நேரத்தில், பாதிப் பேர் வரிசையில் நிற்கும்போது. அவர் வாசித்தார். அடுத்த வருடமும் போய்க் கேட்டார், அதற்கடுத்த வருடமும் கேட்டார். நினைவில் இருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாக மீட்டார். சொல் மறந்த இடத்தில் புதிதாகப் போட்டார். லண்டனிலும் டொரொன்றோவிலும் இருந்த உறவுகளுக்குத் தொலைபேசி எடுத்து, "அந்த ரெண்டாவது அடி என்னடா?" என்று விடாமல் கேட்டார்.

அப்போது ஒரு பாட்டைத் தேடிப்பிடிக்க அவ்வளவு பாடு. இப்போது மாசி என்கிற ஆக்லாந்துப் புறநகரில் நாங்கள் சொந்தமாக வாங்கிய வீட்டில், என் கைபேசியில் எந்த நாட்டுப் பாட்டும் விரல் பட்டதும் வருகிறது. ஆஃப்ரிகான்ஸ் றொக்கும் வருகிறது. மச்சாளுக்குப் போட்டுக் காட்டினேன். "இடதுகை இன்னும் சரியில்லை" என்றார். எழுபதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், விரல்கள் வீங்கியிருக்கின்றன. ஆனாலும் சங்கத்து மேடையில் வருடா வருடம் வாசிக்கிறார்.

சென்ற ஒன்றுகூடலில், தமிழ்நாட்டில் இருந்து புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளைஞர் மேடையருகே வந்தார். "செமயா இருக்கு ஆன்ட்டி! இது எந்தப் படத்துல வருது?"

மச்சாள் காதில் கைவைத்துக் கேட்டார். நான் குனிந்து உரக்கச் சொன்னேன். விளங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு படத்திலயும் வராது, தம்பி. இது நாங்கள் போட்டது. இரும், போகாதையும். இன்னொருக்கால் வாசிக்கிறன்."