சீனக் கிழவர் சொன்னது

நான் ஒரு சீனக் கிழவரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். வெள்ளைத் தாடி, கையில் ஒரு கிண்ணம். அடிபட்டு விழுந்து கிடக்கும் சிஷ்யனிடம் வந்து, "முதல்ல சாப்புடு, அப்பறம் அழுவலாம்" என்பார். பி.யூ.சி.யில் கணக்கு ஊற்றிக்கொண்டபோது அதைத்தான் நினைத்தேன். மைசூரில் நான் வேலை பார்த்த ஃபேக்டரியைப் பூட்டியபோது, நேராக ஓட்டலுக்குப் போய் ஒரு மசால் தோசை தின்றுவிட்டுத்தான் கண்கலங்கினேன். என் மகளுக்கு ஜுரம் வந்தாலும் சரி, சிநேகிதியோடு சண்டை வந்தாலும் சரி, இதையே சொல்லிச் சொல்லி அவள் காதில் ரத்தம் வராத குறை.

கர்நாடகத்து ஹனூரில் நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த குங்பூ படத்தில் வருகிறவர் அந்தக் கிழவர். அந்தப் படத்தைப் பார்த்ததே ஒரு குளறுபடியால். மாரியம்மன் நோம்பி வந்தால் எங்கள் தெருவில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் பகலெல்லாம் படம் போடுவார்கள். அந்த வருடம் சாமி படம் கேட்டிருந்தோம். கொள்ளேகாலிலிருந்து டெக் கொண்டுவந்தவர் கேசட்டை மாற்றி எடுத்து வந்துவிட்டார். அம்மன் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்த தெருவுக்கு முன்னால், சட்டையில்லாத சீனர்கள் பாய்ந்து பாய்ந்து உதைத்துக்கொண்டார்கள். பேச்சு சீனம், கீழே இங்கிலீஷ் எழுத்து. டெக் கொண்டுவந்தவரை அடிக்கவே போய்விட்டார்கள். அப்போது அப்பா எழுந்தார்.

"ஏனுங்க சத்தம்? எம்பட புள்ள எட்டாவது படிக்குது. இங்கிலீசு படிச்சுச் சொல்லும்."

புள்ள என்றது என் அக்காவை. அவள் படித்தது கன்னட மீடியம். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் புத்தகத்தையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். டிவியில் எழுத்தோ கண் இமைப்பதற்குள் ஓடிப்போனது. ஆனால் அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி பெருமையாகச் சொல்லிவிட்டாரே, என்ன செய்வது? டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் சொன்னபடி, அடித்துக்கொண்ட இரண்டு கூட்டமும் பங்காளிகள். சண்டை பங்குக் கிணற்றுக்காக. இவர்கள் முறை வந்தபோது அவர்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டார்கள். இதைக் கேட்டதும் தெரு நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு கிணற்று வழக்கு கோர்ட்டில் கிடந்தது. வில்லன் கூரை விட்டுக் கூரை பறந்து வந்தபோது பெரியப்பா ஒருவர் எழுந்து, "மொதல்ல மோட்டார நிறுத்துறா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். சாமி படத்தைவிட இது தேவலை என்று எல்லோரும் பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

போன மாதம் வரை அந்தக் கதையை நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம்தான் அக்கா முட்டி ஆபரேஷனுக்காக மைசூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். காலையிலிருந்தே முகம் சரியில்லை. இட்லித் தட்டைத் தொடவில்லை. "வலியே இல்லடா. என்னைய பஸ் ஏத்தி உடு, மாட்டப் போயிப் பாக்கோணும்" என்று ஒரே பிடிவாதம். பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவள் சொல்கிற பேச்சு இது. இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டாள், அப்புறம் படுக்கைதான் என்று எனக்குத் தெரியும். அவள் கவனத்தைத் திருப்புவதற்காக, கிண்ணம் வைத்திருக்கும் தாடிக் கிழவர் வருகிற பழைய குங்பூ படம் ஒன்றைத் தேடச் சொன்னேன் மகளிடம். கல்லூரியில் படிக்கிறவள், எப்படியோ கண்டுபிடித்து டிவியில் போட்டாள். அதே சீனம், கீழே அதே இங்கிலீஷ்.

பழக்கதோஷத்தில் அக்கா ஆரம்பித்துவிட்டாள். "இவிங்க ரெண்டு பேரும் பங்காளிங்க கண்ணு. கெணத்துத் தண்ணிக்குத்தான்..."

"கிணறே இல்லையே அத்தே," என்றாள் கன்னடம் கலந்து பேசும் மகள். "ஒரு புக்குக்காகத்தான் ஜகளா. ஃபைட் கத்துக்கற புக்."

"புஸ்தகத்துக்கு எவனாச்சும் அடிச்சுக்குவானா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் மகளை முறைத்தேன். அதற்குள் என் கிழவர் வந்துவிட்டார். சிஷ்யன் மூங்கில் வேலிமேல் விழுந்து கிடக்கிறான். கிழவர் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து வாயைத் திறந்தார். இந்த வேலியை இனி எவன் கட்டுவது என்று கீழே எழுத்து வந்தது. கேட்டுவிட்டு, கிண்ணத்தில் இருந்ததைத் தானே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாடியைப் பிடித்து இழுத்திருப்பேன். இந்த ஆளை நம்பியா இத்தனை தோசை தின்றேன்?

"அக்கா, இவரு சாப்பாட்டைப் பத்திப் பேசவே இல்ல!"

"அவன் எதுக்குடா பேசோணும்?" என்றாள் அக்கா. "அன்னிக்கு அப்பா அடிச்சுப்போட்டாருன்னு சோறு திங்காம மூலைல உக்காந்து அழுதுட்டிருந்தே. அம்மா கூப்புட்டும் வல்ல, நான் கூப்புட்டும் வல்ல. சீனாக்காரன் சொன்னாக் கேப்பேன்னு நானாச் சொன்னேன். கேட்டியா இல்லியா?"

கேட்டேன். படம் முடிந்ததும் எழுந்து போய்ச் சாப்பிட்டது இப்போது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் என்னைத் தேற்றியவர் அந்தக் கிழவர் இல்லை, இங்கிலீஷ் தெரியாமல் டிவிக்குப் பக்கத்தில் நின்ற என் அக்கா. படத்தை மறுபடியும் ஓடவிட்டேன்.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே, "பயமா இருக்குதுடா தம்பி" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

படத்தில் கிழவர் திரும்பவும் வந்தார். குதிரைக்குப் புல் போட்டாயா என்று யாரையோ கேட்டார், கீழே அப்படித்தான் இருந்தது. மகள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்தே, தாத்தா என்ன சொல்றாரு தெரியுமா? முதல்ல சாப்புடு, அப்பறம் அழுவலாம்ங்கறாரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் கூட வராங்களாம்."

அக்கா அவளைப் பார்த்தாள். கீழே ஓடிய எழுத்தைப் பார்த்தாள். தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"கெழவன் சொன்னாச் செரி," என்றாள். "சட்னி கொண்டா."