அஞ்சு வயசு சைஸ்

திருப்பதி மலையில் குளிருமே என்று, பிள்ளையார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா மகளுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லி இன்று என் வீட்டுக்கு வந்தார்.

கூடவே வந்திருந்த மகளின் மார்பளவை எடுத்தேன். நானே போட்ட சைஸ் சார்ட் மனப்பாடம் என்ற பெருமையில் சட்டென்று சொன்னேன்:

"அஞ்சு வயசு சைஸ் கரெக்டா இருக்கும்மா."

தூக்கியிருந்த கைகளை அவள் மெல்ல இறக்கினாள்.

"எனக்கு எட்டு முடிஞ்சிடுச்சி ஆன்ட்டி."

அம்மா சிரித்து மழுப்பினார். "எல்லாரும் இதையேதான் சொல்லிக்கினு இருக்காங்கம்மா."

கூசிப்போய் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

"கை நீளமா வைங்க, நான் வளருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சார்ட்டில் இருந்த வயதுகளை எல்லாம் அடித்துவிட்டேன். இனி அங்குலம் மட்டும்தான்.

நாற்பது வயதில் நான் போடுவது டபுள் எக்ஸ்எல். அதை ஒரு கடைக்காரர் "அறுபது வயசு சைஸ்" என்று சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.