அழித்தும் போகாத பெயர்

செஞ்சி பேருந்து நிலையம் அருகே டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கணவரின் அக்கா வசந்தாவோடு ஒருமுறை மனஸ்தாபம். அந்தக் கோபத்தில், 'வசந்தா' என்று அடித்தால் தானாகவே 'வாயாடி' என்று மாறும்படி டைப்பிங் சாப்ட்வேரில் செட்டிங் செய்து வைத்தேன்.

போன மாதம் புதுமனைப் புகுவிழா பத்திரிகை அடிக்க வசந்தாவே வருவதாகச் சொன்னார். எப்படி மாற்றினேன் என்பதே மறந்துவிட்டதால், சாப்ட்வேரையே நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். நீக்கினாலும் பழைய செட்டிங் ஃபைல் கணினியிலேயே தங்கிவிடும், அதைத் தனியாக அழிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, பெயரை அடித்தேன். 'தங்கள் அன்புள்ள வாயாடி' என்று வந்தது.

"இன்னாடி இது?"

"நான்தான் அண்ணி, அப்போ கோவத்துல..." என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் தன் போனில் என் எண்ணை எடுத்துக் காட்டினார். 'சிடுமூஞ்சி' என்று இருந்தது.

"புது போன் வாங்கியும் பேரு கூடவே வந்துட்டுது. இன்னா பண்றது?" என்றார்.

இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அந்த ஃபைலை அன்றே தேடி அழித்துவிட்டேன். அவர் மட்டும் என் பெயரை மாற்றவில்லை. இப்போதெல்லாம் நான் அழைத்தால் சிரித்துக்கொண்டேதான் எடுக்கிறார். அதனால் நானும் மாற்றச் சொல்லவில்லை.