கோணல் குட்டியும் ராமுத்தாயும்

குதிரைக்குட்டியைப் புதைத்த மறுநாள், ஆடி வெள்ளிக்கிழமை, நிறைமாத வயிற்றோடு ராமுத்தாய் போடிமெட்டுச் சரிவில் தனியாக இறங்கினாள். புருஷன் பெரியமுத்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துரையின் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தேயிலை எஸ்டேட்டில் அவன் குதிரைக்காரன். அவள் குதிரைக்குப் புல்லறுப்பவள். துரை புதிதாக வாங்கிய ஆண்குதிரைக்குப் பிறந்த முதல் குட்டி அது. முதுகு வில்லாக வளைந்து, கழுத்து ஒருபக்கம் திருகியிருந்தது. தாயின் மடிக்கு வாய் எட்டவில்லை. ராமுத்தாய்தான் அணைத்துத் தூக்கிப் பால் குடிக்க வைத்தாள்.

துரை வந்து பார்த்தார். "சினைக்குதிரை மேலே பொதி ஏத்தினியா?"

பெரியமுத்துவுக்கு வேலை போய்விடும் என்று பயம். "சத்தியமா இல்லிங்க தொரை. எம் பொஞ்சாதி முழுகாம இருக்கா. கட்டுக்கயித்தத் தாண்டிட்டா."

பிள்ளைத்தாய்ச்சி சினையாக நிற்கும் உயிரின் கயிற்றைத் தாண்டினால் குட்டி கோணிப் பிறக்கும் என்பதில் லயத்து வரிசைவீடுகளில் இருந்த கூலிச் சனங்களுக்குச் சந்தேகமே கிடையாது. அவள் தாண்டியதும் உண்மைதான். தலையில் புல்லுக்கட்டு இருக்கும்போது காலடியில் கயிறு எங்கே தெரிகிறது?

துரை சிரித்தார். குட்டியை முடித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். மண்வெட்டிக் காம்பே போதுமாக இருந்தது.

லயம் சிரிக்கவில்லை; அவளை அங்கே வைத்திருக்கக் கூடாது என்றது. "குதிரைக்கே இப்பிடின்னா, அவ வயித்துல என்ன கோணலோ!" என்றாள் பக்கத்து வீட்டு அழகுத்தாய்.

"ஏன் எம்மேல பழியப் போட்டீக?" என்று ராமுத்தாய் புருஷனைக் கேட்டாள்.

"வேல போயிருந்தா ரெண்டு பேருமில்ல மல எறங்கணும்? இப்ப நீ மட்டும் போனாப் போதும்."

போடியில் தம்பி வீட்டில் அவளுக்குப் பெண் பிறந்தது. மருத்துவச்சி ஆணா பெண்ணா என்று சொல்லுமுன் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவினாள். நேராக இருந்தது. வந்தவர் போனவரெல்லாம் தடவினார்கள். "நடக்கையில பாக்கணும்" என்றாள் தம்பி பொண்டாட்டி. நடந்தது. "வளரட்டும்" என்றாள். குளிப்பாட்டும்போதெல்லாம் ராமுத்தாயின் விரலும் அந்த முதுகெலும்பில் கணுக் கணுவாக இறங்கும். அந்தக் குட்டியைக் கெடுத்தது தானா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை.

மகள் விறகு சுமக்கும் வயதில், பொதிமாடு ஓட்டும் பிச்சைமணி மலையிலிருந்து சேதி கொண்டுவந்தார்.

"தாயி, அந்த ஆண்குதிரைக்கு வேற வேற பெட்டைகிட்டப் பொறந்த குட்டிகளும் அதே கூனு. ரெத்தத்துலயே இருந்திருக்கு. தொரை அதச் சுட்டுப்புட்டாரு. உம்மேல தப்பில்லன்னு பெரியமுத்து சொல்லச் சொன்னான்."

"வரச் சொன்னாரா?"

"சொன்னான். புல்லறுக்க ஆளில்லையாம். வீட்டுல வேற பொஞ்சாதி இருக்கா. நீயும் மகளும் குதிரைக் கொட்டடில படுத்துக்கிறலாமாம்."