ரேடார் அண்ணனின் இரண்டாவது சாட்சியம்

இன்றைக்கு வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிடும் மனிதரை ஒரு காலத்தில் நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கை விளங்காமல் போக வேண்டும், கண் அவிந்து போக வேண்டும் என்றெல்லாம் சபித்திருக்கிறேன். நல்லவேளை, ஒன்றும் பலிக்கவில்லை.

அவர் விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தில் ரேடார் திரை பார்க்கிற வேலையில் இருந்தார். ஒல்லி உடம்பு, மெதுவான பேச்சு. எதையும் ஒரு தடவை பார்த்து நம்பாத பிறவி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயரே ‘பூட்டு’தான்.

“கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு நான்தானான்னு இன்னொரு தடவை கேட்டுக்காம விட்டாரே, அதுவே பெரிசு” என்பார் அவர் மனைவி.

“கேட்டேனே, உங்கப்பாகிட்ட” என்பார் இவர், சிரிக்காமல்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரிபார்க்காமல் வாயைத் திறந்தார். அது என் தலையில் வந்து விடிந்தது.

என் கணவர் விமானி. ஒரு நாள் பகலில், பயணிகளோடு கடலுக்கு மேலே கிழக்கு நோக்கிப் போன அவருடைய விமானம் காணாமல் போனது. கடைசியாகப் பேசியபோது எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் சொன்னாராம். பிறகு பேச்சு மூச்சு இல்லை. விசாரணைக் குழு உட்கார்ந்ததும் ரேடார் பதிவைக் கேட்டார்கள். அன்று வேலையில் இருந்தவர் அண்ணன்தான். விமானம் மறைந்த கொஞ்ச நேரத்தில், அடையாளம் தெரியாத சில புள்ளிகள் திரையில் தோன்றி, வளைந்து, மேற்கே போயிருந்தன.

“இது அந்த விமானமா?” என்று கேட்டார்கள்.

“அப்படித்தான் தெரியுது” என்றார்.

அவ்வளவுதான். விமானி வேண்டுமென்றே விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடலில் இறக்கிவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பத்திரிகைக்காரர்கள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து எழுதினார்கள். என் அழகு நிலையத்தில் ஈ காக்காய் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பயணிகளின் குடும்பங்கள் சேர்ந்து சங்கம் வைத்தபோது, நமக்கும் அதே துக்கம்தானே என்று நானும் போனேன். சங்கத் தலைவி ஒரு தையல்காரி, அதே விமானத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். வாசலிலேயே மறித்தாள்.

“எங்க ஜனங்களைக் கொன்னவன் பொண்டாட்டி நீ. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்தே?”

நான் வாய்க்கு வாய் கொடுக்கிறவள். அன்றைக்குத் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்தால், என் மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு விசும்புகிறார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம். பெற்ற பிள்ளைக்காக அழக்கூடப் பயம்! எங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். அவரும் செத்துப்போனவர்களில் ஒருவர் என்று நாலு பேர் ஒப்புக்கொண்டால் போதும் என்று கிடந்தோம்.

சில மாதங்கள் கழித்து இறக்கையின் ஒரு துண்டு கரை ஒதுங்கியது. அதில் பொறித்திருந்த எண்ணை வைத்து அது எங்கள் விமானத்தினுடையதுதான் என்று உறுதி செய்தார்கள். ஆனால் அது கிடைத்த தீவு, விமானம் வழக்கமாகப் போகிற பாதையை ஒட்டி, கிழக்கே இருந்தது. தேடும் கப்பல்களோ மேற்கே. நீரோட்டம் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று குழு சொல்லிவிட்டது.

அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீரோட்டம் படித்த ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டார். அந்தக் கடலில் தண்ணீர் மேற்கு நோக்கித்தான் ஓடும், மேற்கே விழுந்தது இன்னும் மேற்கேதான் போகும் என்றார் அவர். அண்ணன் அதைத் தன் அதிகாரியிடம் சொன்னார்.

“உன் வேலை திரையைப் பாக்குறது, கடலைப் பாக்குறது இல்ல” என்று பதில் வந்தது.

சரி என்று திரையைத்தான் பார்த்தார். விமானம் போன அன்று காற்றே இல்லாத புழுக்கம். அதே மாதிரி நாள் வந்தால், விடுமுறையாக இருந்தாலும் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் அதே இடத்தில் அதே புள்ளிகள் தோன்றி, அதே போல வளைந்து மேற்கே போயின. அந்த இடத்திலோ அப்போது எந்த விமானமும் இல்லை. விசாரித்தால், ரேடாரின் எல்லைக்கு வெகு தூரம் அப்பால் ஒரு சரக்கு விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் போன அன்றும் அதே நேரத்தில் அது போயிருக்கிறது.

குழுவிடம் சொல்வதற்கு முன் என்னிடம் சொல்ல வேண்டும் என்று கடைக்கு வந்தார். பெண்கள் வரும் இடமாயிற்றே என்று மனைவியையும் கூட்டி வந்திருந்தார். யார் என்று சொன்னதும் கையில் இருந்த சீப்பை விட்டெறிந்தேன். குறி தப்பி அந்த அம்மாளின் தோளில் பட்டது. அவர் குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இன்னொண்ணு வீசணும்னாலும் வீசும்மா. இந்தத் தடவை அவர் மேல படட்டும். அப்புறம் அவர் சொல்றதக் கேளு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு.

அண்ணன் சுவர்க் கண்ணாடியைக் காட்டினார். “அதுல என்னம்மா தெரியுது?”

“தெருவுல நிக்கிற வண்டி.”

“சுவருக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கில்ல? ரேடாரும் இப்படி ஏமாறும். புழுக்கமான நாள்ல அலை ரொம்ப தூரம் போயி, அங்க போற விமானத்துல பட்டு, தாமதமாத் திரும்பி வரும். மிஷின் அது பக்கத்துலேருந்து வந்ததுன்னு தப்பாக் கணக்குப் போட்டுடும். நேராப் போறதுகூட வளைஞ்சு போற மாதிரி காட்டும். நான் பாத்தது உங்க வீட்டுக்காரரோட விமானம் இல்லம்மா.”

“அப்ப அவர் மேல தப்பு இல்லையா?”

“அது எனக்குத் தெரியாது. அவர் திருப்பினார்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“நல்லா இருக்கே! பழி போட ஒரு வார்த்தை போதும், இல்லேன்னு சொல்ல மட்டும் வாய் வரலையா?” என்று கத்தினேன்.

“தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னதாலதாம்மா இவ்வளவும்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் எனக்கும் கோபம் வரவில்லை.

குழுவின் முன்னால் அவரை வறுத்தெடுத்தார்கள். அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று, எதை நம்புவது என்றார்கள். “இன்னிக்குச் சொல்றதை நம்புங்க. சந்தேகம்னா நீங்களே சரிபாருங்க” என்று இரண்டு நாளின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வேறு நிபுணர்கள் பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். கப்பல்கள் கிழக்கே போயின. இன்னும் தேடுகிறார்கள். அண்ணனைச் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். திருகாணி எண்ணுகிற வேலை. அவருக்கென்றே செய்து வைத்த வேலை என்று அண்ணி கேலி செய்வார். வருத்தம் இருக்கும், என்னிடம் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நிபுணர்கள் ஒப்புக்கொண்ட அன்று, மாமியாரோடு விசாரணைக் கூடத்தை விட்டு வெளியே வந்தேன். தையல்காரி நேராக எங்களிடம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று மாமியாரை மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

“உங்க புள்ளையும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணாத்தான் போயிருக்காங்கம்மா” என்று மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் அவள் தோளில் விழுந்து, “என் புள்ளே!” என்று அலறினார். சங்கத்து ஜனம் அத்தனையும் சுற்றி நின்றது. ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அண்ணன் படிக்கட்டுப் பக்கம் தனியாக நின்றிருந்தார். நான் கிட்டே போனதும் தலையைக் குனிந்துகொண்டார்.

“விமானம் எங்கேன்னு கண்டுபிடிச்சுத் தர முடியலையேம்மா.”

“எங்க அத்தை வாய்விட்டு அழுறது கேக்குதா அண்ணே?” என்றேன். “அதை நீங்கதான் குடுத்தீங்க.”