ஜெர்மன் தளபதியின் பெயரைக் கத்தரித்தது

ஜெர்மன் மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு ஒரு ஜெர்மானிய ராணுவ அதிகாரியின் வாழ்க்கை வரலாற்றை ஆறு ஆண்டுகள் உட்கார்ந்து தமிழில் பெயர்த்தேன். ராணுவமும் தெரியாது. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த மூன்றாவது வாரம், எல்லோரும் இடப்பக்கம் திரும்பியபோது நான் வலப்பக்கம் திரும்பி நடந்தேன். மைதானத்துக்கு வெளியே கரும்புச்சாறு வண்டி வந்த பிறகுதான் தனியாக வந்திருப்பது தெரிந்தது. திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது தொப்பியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் தளபதி வந்து சேர்ந்தது இராமேஸ்வரம் லாட்ஜ் ஒன்றின் வழியாக. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அறையில் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகத்தை, அச்சடித்த எதையும் படிப்பவன் என்ற என் கெட்ட பெயரை அறிந்த மேலாளர் எடுத்துவைத்திருந்து கொடுத்தார். ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த நூல். நயினார்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அந்தக் கோடை விடுமுறையில், அதை விட்டால் எனக்கு மிளகாய் வற்றலைக் கிளறிவிடும் வேலைதான் இருந்தது.

தளபதி ஒரு பிரபுக் குடும்பத்தின் இரண்டாவது மகன். ஏரியும் காடுமாகக் கிடந்த நிலம் மூத்தவருக்கு, இளையவருக்கு வாள். பத்து வயதில் ராணுவப் பள்ளி, பிறகு குதிரைப்படை. முதல் உலகப் போரில் குதிரையையும் ஒரு காதையும் இழந்தார். தோற்ற நாட்டின் சின்னப் படையில் பல வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சர்வாதிகாரி வந்தார், பதவி உயர்வுகளும் வந்தன. இரண்டாம் போரில் ஒரு படைப்பிரிவே அவர் கையில். கிராமங்களைக் கொளுத்தச் சொன்னார்கள், கொளுத்தினார். கடைசிக் குளிர்காலத்தில், ஓர் ஆற்றங்கரையில், கடைசி ஆள் சாகும்வரை நில் என்று கட்டளை வந்தது. முடியாது என்றார். மிஞ்சியிருந்தவர்களை ஆற்றைத் தாண்டி அழைத்து வந்துவிட்டார். பதவி போனது. பிறகு சிறை, வாடகை அறை, மரணம்.

அந்த ‘முடியாது’க்காகத்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். மேலதிகாரியிடம் அந்தச் சொல்லைச் சொல்ல முப்பது வருடமாக ஒத்திகை பார்த்துவருபவன் நான். ஆனால் மூல நூலாசிரியர் பக்கத்துக்குப் பக்கம் ஒரே பாட்டுப் பாடியிருந்தார்: நூற்றாண்டுகளின் பிரபு ரத்தம் அல்லவா, அதனால்தான் மறுக்க முடிந்தது. படிக்கப் படிக்க எனக்கு எரிந்தது. சமையல்காரனிடம் படையைக் கொடுத்திருந்தால் அவனும் ஆற்றைத் தாண்டியிருப்பான். ஒருவேளை முதல் வாரமே தாண்டியிருப்பான்.

என் கையெழுத்தைக் கணினியில் ஏற்றியவர் பெரியபட்டினத்துக்காரர். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். பழகிய தோஷத்தில் எனக்கு அவர் மாப்ளே, அவருக்கு நான் மாமா.

“இது என்ன மாமா, இந்தாளு பேருல ‘ஃபொன்’னு ஒன்னு ஒட்டிக்கிட்டே வருது?”

“பிரபு வம்சம்னு காட்டுறது மாப்ளே. நம்மாளுக பின்னால மாட்டுறத அவுக நடுவுல மாட்டிருக்காக.”

“அதான் நம்ம ஊருல பேருக்குப் பின்னால போடுறதில்லையே இப்ப.”

“இவருக்கும் வேணாம். எடுத்துரு.”

ஒரே பொத்தானில் முந்நூறு பக்கத்திலும் வம்சம் ஒழிந்தது. அன்று மாலை நான் நடந்த நடையை என்.சி.சி. அதிகாரி பார்த்திருந்தால் தொப்பியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

மதுரைப் பதிப்பாளர் அனுமதி கேட்டு ஜெர்மனிக்கு எழுதினார். மொழிபெயர்ப்பின் மாதிரியை அங்கே தமிழ் தெரிந்த யாரிடமோ காட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள். நூலின் உரிமையை வைத்திருக்கும் தளபதியின் கொள்ளுப்பேத்தியிடமிருந்து பதில் வந்தது: பெயர் எல்லா இடத்திலும் முழுமையாக வர வேண்டும், இல்லையென்றால் புத்தகம் கிடையாது. அவர் இராமேஸ்வரம் பக்கம் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டுக்காக வருகிறாராம்; நேரில் பேசலாமாம்.

“ஆறு வருச உழைப்பு சார். கொஞ்சம் பணிஞ்சு போங்க” என்றார் பதிப்பாளர்.

என் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே சொன்னாள்: “பணிஞ்சு போறது ஒங்களுக்குத் தமிழ்லயே வராது. இங்கிலீஷ்ல எங்கன வரப்போகுது?”

பாம்பன் பாலம் தாண்டும்வரை பேருந்தில் மறுப்புரையை ஒத்திகை பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போனார்.

கடற்கரையில் ஓலைக்கொட்டகை நிழலில், தலையெல்லாம் உப்புப் பூத்து உட்கார்ந்திருந்தார் கொள்ளுப்பேத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஆங்கிலத்தில் பேசினோம், இருவருக்கும் அது மாமியார் வீடு.

“என் பெயரை ஏன் வெட்டினீர்கள்?”

“எங்கள் ஊரில் பெயரோடு சாதியைச் சேர்ப்பதில்லை. கஷ்டப்பட்டு விட்ட பழக்கம். உங்களுக்காக அதைத் திரும்பக் கொண்டுவர மாட்டேன்.”

“அது இப்போது வெறும் குடும்பப் பெயர்தான். சட்டமே அப்படித்தான் சொல்கிறது.”

“இங்கேயும் சட்டம் நிறையச் சொல்கிறது” என்றேன். சூடு ஏறிவிட்டது. “ஆற்றங்கரையில் மறுத்தது அந்த ரத்தம் என்றால், கிராமங்களைக் கொளுத்தியபோது அதே ரத்தம் லீவில் போயிருந்ததா? புத்தகம் வராவிட்டால் போகட்டும். என் கையால் அதை எழுத மாட்டேன்.”

எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முழங்கால் மணலைத் தட்டிவிட்டார்.

“அதற்காகத்தான் கேட்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த ஆற்றைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். கொளுத்தியவரும் இதே பெயர்க்காரர்தான். நீங்கள் அதை எடுத்துவிட்டால் எங்களைச் சும்மா தப்பவிடுகிறீர்கள்.”

நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த பதில்கள் எல்லாம் ஒரு கர்வக்காரிக்கு உரியவை. இவருக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆனாலும் முழுதாகத் தோற்பது என் ஜாதகத்தில் இல்லை.

“கொளுத்திய அத்தியாயத்தில் வரிக்கு வரி முழுப்பெயர் போடுகிறேன். ஆற்றங்கரையில் தர மாட்டேன். அங்கே அவர் வெறும் மனிதர்.”

“பதவி உயர்வு வாங்கிய அத்தியாயங்களில்?”

“அங்கேயும் போடுகிறேன்.”

அவர் யோசித்தார். பிறகு ஈரக்கையை நீட்டினார். “ஆற்றங்கரை உங்களுடையது.”

பதிப்பாளர் போனில் முனகினார். “பாதியில பேரு மாறுனா படிக்கிறவன் அச்சுப்பிழைன்னு நெனப்பான் சார்.”

“நெனைக்கட்டும்” என்றேன்.

மறுநாள் டி.டி.பி. கடையில் மாப்ளேயிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். பிரபு வம்சத்தின் முகத்துக்கு நேராக நின்று ஒரு குலப்பெயரை மறுத்த தமிழன் இந்தக் கடற்கரையில் எனக்கு முன்னால் உண்டா என்றுகூடக் கேட்டதாக ஞாபகம். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கொளுத்திய அத்தியாயத்தில் பெயரை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தார். முடித்ததும், நான் போன வாரம் எழுதிக்கொடுத்த என் மகளின் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை மேசைமேல் வைத்தார். என் அய்யா பெயர், என் பெயர், சம்பந்தி பெயர். மூன்றுக்கும் பின்னால் நான் எழுதிக்கொடுத்தபடியே சாதிப் பட்டம் கொட்டை எழுத்தில் நின்றது.

“இந்த மூணையும் எடுத்துறவா மாமா?” என்றார். “இல்ல, சம்பந்தி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரீகளா?”