பாலத்துக் காக்கை

என் அக்காவிடம் யாரும் கல்யாண ஆல்பத்தைக் காட்டக் கூடாது. பெண்ணையும் பார்க்க மாட்டாள், மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டாள். இரண்டு தலைக்கும் நடுவில் தெரிகிற இடத்தைத்தான் பார்ப்பாள். "நான் எப்படிக்கா இருக்கேன்?" என்று ஆசையாகக் கேட்ட ஒருத்தியிடம், "தலையக் கொஞ்சம் நகத்தியிருக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்திருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து அப்புறம் தையல் வேலை வரவில்லை.

அக்கா தையல்காரி. வீடு வீடாகப் போய் அளவெடுப்பாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவள் முன்னறையில் சீருடைத் துணி குவிந்து கால் வைக்க இடமிருக்காது. உதட்டில் ஊசியைக் கடித்துக்கொண்டே சண்டை போடுவாள். தெருவில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர். கோபம் அவளுக்குக் கூடப்பிறந்தது என்று நினைக்கிறார்கள். கூடப்பிறந்தவன் நான், எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பூனையைக்கூட அதட்டியதில்லை.

அத்தான் பஸ் டிரைவர். கல்யாணமான வருஷமே, மழை ஆரம்பித்த ஒரு மாலையில், காலிப் பஸ்ஸை டிப்போவுக்குத் திருப்பிக்கொண்டு வந்தவர் ஆற்றுப் பாலத்திலிருந்து பஸ்ஸோடு விழுந்து போய்ச் சேர்ந்தார். அந்த வாரமே வெள்ளம் வந்து பாலத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரிகளுக்குப் பார்ப்பதற்குப் பாலம் இல்லை. கடைத்தெரு ஸ்டுடியோவில் ஒரு புது ஜோடியின் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். அதே வருஷம் எடுத்த படம். ஜோடிக்குப் பின்னால் பாலம், அதன் கைப்பிடிச் சுவர் முழுசாக நின்றது. அது போதுமாக இருந்தது அவர்களுக்கு. உறுதியான சுவரை ஓட்டுநர் வேகமாக வந்து இடித்துத் தள்ளினார் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"சுவர் இடிஞ்சு கெடக்கு, கயிறுதான் கட்டி வச்சிருக்காங்கன்னு டிப்போவுல சொல்லிச் சொல்லி வாய் வலிச்ச மனுஷன்யா அவரு!" என்று அக்கா அலுவலக வாசலில் நின்று கத்தினாள். புருஷனைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் பேசுவாள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தண்ணீரை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அன்றிலிருந்துதான் ஆல்பம் பார்க்கும் வேலை. இடிந்த சுவர் ஒரு படத்திலாவது மாட்டாதா என்று அளவெடுக்கப் போன வீட்டிலெல்லாம் கேட்டாள். எங்கள் ஊரில் கல்யாணமானவர்களில் பாதிப் பேர் பாலத்தோடு படம் எடுத்துக்கொண்டவர்கள். எந்தப் படத்தைப் பிரித்தாலும் சுவர் முழுசாக நின்றது. பார்த்த உடனே ஆல்பத்தைப் பட்டென்று மூடிவிடுவாள். ஒருநாள் மிஷினை மிதித்துக்கொண்டே, "நான்தான் தப்பா நெனச்சுட்டிருக்கேனாடா?" என்று கேட்டாள். அவள் கத்தியபோதெல்லாம் பயப்படாத நான் அன்றைக்குப் பயந்துபோனேன்.

போன வருஷம் புதுப் பாலத்தின் தலைமாட்டில் ஒரு வரலாற்றுப் பலகை வைத்தார்கள். பழைய பாலத்தின் படம், ஆள் உயரத்துக்கு. அந்த ஸ்டுடியோ படம்தான். ஜோடியை வெட்டி எடுத்துவிட்டுப் பாலத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே, 'ஓட்டுநரின் கவனக்குறைவால் இப்பாலத்திலிருந்து ஒரு பேருந்து கவிழ்ந்தது' என்று ஒரு வரி. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார்கள் என்றால் அது இதுதான். அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு வழக்கம்போல் கத்தவில்லை. படத்தில் சுவரின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் காக்காவ நான் பாத்திருக்கேன்டா."

"காக்கான்னா எல்லாம் ஒண்ணுபோலதான்கா இருக்கும்."

"வாய மூடிட்டு வா."

மூன்று வீட்டில் ஆல்பம் வாங்கி வந்து கட்டிலில் விரித்தோம். சின்னப் படங்களில் அது புள்ளி மாதிரிதான் தெரிந்தது. ஆனால் இருந்தது. ஒரு ஜோடியின் மகளுக்கே கல்யாணமாகியிருந்தது, அவள் படத்திலும் அதே காக்கை, அதே இடத்தில், அதே பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த மகள் கல்யாணத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே பாலம் ஆற்றோடு போய்விட்டது. இத்தனை வருஷம் நாங்கள் பாலம் என்று நம்பியது ஸ்டுடியோவில் தொங்கிய, கையால் வரைந்த ஒரு படுதாவை. அதன் முன்னால் நின்றவர்களும் பாலத்தில் எடுத்ததாகவே சொல்லிக்கொண்டார்கள்.

ஸ்டுடியோக்காரர் மறைக்கவே இல்லை. "எங்கப்பா வரைஞ்சதும்மா" என்று பெருமையாகச் சொன்னார். "முன்னாடியெல்லாம் நெசமாவே பாலத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாரு. கைப்பிடி இடிஞ்சப்புறம் பொண்ணுங்க அங்க நிக்கவே பயந்தாங்க. அதான் பழைய ஞாபகத்துல சுவரோட சேத்து வரைஞ்சு மாட்டிட்டாரு."

"அதிகாரிங்க வந்து கேட்டப்ப வாயில என்ன வச்சிருந்தாரு உங்கப்பா?"

"நம்ம ஊர்ப் பாலந்தானான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னாரு. வரைஞ்சதுன்னு கண்டுபிடிக்கலியேன்னு அவருக்கு ஒரு சந்தோஷம்மா..."

அக்கா கைக்கெட்டிய ஸ்டூலை எட்டி உதைத்தாள். நான் தடுக்கவில்லை. சுவர் இல்லாததால் வரைந்த சுவர், சுவர் இருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. ஒருவனின் சந்தோஷத்துக்காக இன்னொருவன் செத்த பிறகும் குற்றவாளி.

பலகை வைத்த பொறியாளர் நிதானமானவர். நிதானமானவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். நாங்கள் அவர் மேஜையில் விரித்த ஆல்பங்களில் காக்கைகளை வரிசையாகப் பார்த்தார். "சரிம்மா, படுதான்னே வச்சுக்குவோம். அதனால நெசப் பாலத்துல சுவர் இல்லன்னு ஆயிடுமா? நெசப் பாலத்தோட படம் இருந்தா கொண்டாங்க, பாப்போம்."

வீட்டுக்கு வரும் வழியில் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "அத்தான் பஸ் கண்டக்டர் அண்ணன் உங்க ரெண்டு பேரையும் நெசப் பாலத்துல நிக்க வச்சுப் படம் எடுத்தாருல்லக்கா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு அடித்திருக்கலாம். அந்தப் படம் பிரிண்ட் ஆகி வந்தபோது அத்தான் இல்லை. கவரைப் பிரிக்காமலே பெட்டிக்கு அடியில் போட்டவள் அவள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாள் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அத்தான் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அவள் ஊரார் முகங்களுக்குப் பின்னாலெல்லாம் தேடினாள். பிறகு ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். போனால், கவர் பிரிந்து கிடந்தது, படம் மிஷின் மேல் இருந்தது, அவள் கண் சிவந்திருந்தது.

"பாருடா" என்றாள்.

படுதாவில் இருந்த அதே விளக்குக் கம்பம், அதே கழுத்து ஒடிந்த கம்பம், இதிலும் அத்தானுக்குப் பின்னால் நின்றது. ஸ்டுடியோக்காரரின் அப்பா அதை மட்டும் உள்ளபடி வரைந்திருக்கிறார். அதே பாலம், சந்தேகமே இல்லை. சுவர்தான் இல்லை. பல்லுப் போன ஈறு மாதிரி நாலைந்து கல், நடுவே தொய்ந்த கயிறு. அக்கா ரோட்டுப் பக்கம் நிற்கிறாள், காற்றில் முடி முகத்தில் விழுந்து சிரிக்கிறாள். அத்தான் ஆற்றுப் பக்கம், விளிம்பில் நிற்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்க்கிறார். அவள் அந்தப் பக்கம் ஓர் அடிகூட வந்துவிடாதபடி ஒரு கையைக் குறுக்கே நீட்டியிருக்கிறார்.

பொறியாளர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதையே போட்டுடலாம். ஆளுங்கதான் பாலத்த மறைக்கறாங்க. ரெண்டு பேரையும் வெட்டிட்டு..."

"கைய வச்சுப் பாருங்க சார், வெட்டறதுக்கு!" அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்கா மேஜையைச் சுற்றிப் போய் அந்தப் படத்தில் விரலை வைத்தாள். "இந்தக் கையப் பாருங்க. நல்லாப் பாருங்க. கவனம் இல்லாதவன் கையா சார் இது? சொல்லுங்க!"

அவர் பேனாவைத் திறந்து மூடினார்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். காக்கை போய், அத்தானும் அக்காவும் ஆள் உயரத்துக்கு நின்றார்கள், வெட்டாமல். கீழே வரியில் 'ஓட்டுநரின்' என்ற சொல்லின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அக்காவின் கையைப் பிடித்தேன். உதறினாள்.

"என்னடா ஜெயிச்சோம்? மிச்சத்தப் படி."

படித்தேன். வெள்ளைத் திட்டு. அதன் பக்கத்தில், 'கவனக்குறைவால் இப்பாலத்திலிருந்து ஒரு பேருந்து கவிழ்ந்தது.'

"யாரு கவனக்குறைவு? அத எழுதக் கை வரலியா?"

பையைத் துழாவித் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்குக்கட்டியை எடுத்தாள். அந்த வெள்ளைத் திட்டில், அளவு தப்பாமல், 'அதிகாரிகளின்' என்று எழுதினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூடத் தடுக்கவில்லை.

மறுநாளே யாரோ துடைத்துவிட்டார்கள். அவள் அளவெடுக்கப் போகிற வழிதான் அது. போகும்போதெல்லாம் எழுதுகிறாள்.